எலும்பு கூடினால் போதுமா?

தாமிரவருணியில் நீராடிப் பழகியவனுக்கு வேறு எந்த நதியில் மூழ்கி எழுந்தாலும் குளித்த திருப்தி உண்டாகாது என்று திருநெல்வேலிவாசிகள் சொல்வது வழக்கம். அறுபது வருஷமாக நானும் அந்த அபிப்பிராயத்தை ஆமோதித்தே வந்திருக்கிறேன். ஆனால் அந்த நதியின் படித்துறைக் கற்களில் ஐப்பசி மழைக்குப் பிறகு படரும் பாசியைப் பற்றி எவரும் அவ்வளவு உற்சாகமாகப் பேசுவதில்லை. அதன் மகிமையை அறிய வேண்டுமானால் குறுக்குத்துறைக்குப் போய், மூன்றாவது படியில் கால் வைத்து, ஏழாவது படியில் போய் உட்கார வேண்டும். நான் அப்படித்தான் அறிந்துகொண்டேன். இடையிலிருந்த மூன்று படிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சப்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. காய்ந்த பனை மட்டையை ஒடித்தாற் போன்ற சப்தம் அது.

ஒருவனுக்கு எலும்பு முறிந்ததும் அந்தத் தெருவில் வைத்தியர்களின் தொகை எப்படிப் பெருகிவிடுகிறது என்பது ஆச்சரியமான விஷயம். மூங்கில் பத்தை வைத்து, முட்டையின் வெள்ளைக்கருவையும் உளுத்தம் மாவையும் குழைத்துப் பூசிக் கட்டினால் இருபத்தொரு நாளில் ஓடலாம் என்றார் ஒருவர். ஆந்திர தேசத்துப் புத்தூருக்கு அழைத்துப் போக வேண்டும் என்றார் இன்னொருவர். முட்டையின் வாசனையையே அறியாத எங்கள் வீட்டில் தினந்தோறும் ஆட்டுக்கால் ரசம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று யோசனை சொன்னார் மூன்றாமவர். எல்லோரும் நல்லெண்ணம் படைத்தவர்கள். எல்லோருடைய எலும்பும் சௌக்கியமாக இருந்தது.

நாட்டு வைத்தியரை நான் இகழப் போவதில்லை. எக்ஸ்ரே வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்னாலேயே விரல் நுனியால் தடவிப் பார்த்து முறிவைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். விலகாத எளிய முறிவுகள் அவர்கள் கட்டில் நன்றாகவே கூடியிருக்கின்றன. ஆனால் ஓர் அபாயம் உண்டு. கட்டை இறுக்கமாகப் போட்டு, உள்ளே வீக்கம் அதிகமாகி, ரத்த ஓட்டம் நின்றுபோனால் காலே அழுகிப் போகும். விரல்கள் மரத்துப் போனாலும், நீலம் பாரித்தாலும், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலும் கட்டை உடனே தளர்த்தியாக வேண்டும். இது நாட்டுக் கட்டுக்கும் பொருந்தும், ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டுக்கும் பொருந்தும். இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டலாம்.

என்னை ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கிருந்த டாக்டர் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. தொடையிலிருந்து பாதம் வரையில் மாவுக்கட்டுப் போடப்பட்டது. பல வாரங்கள் கழித்து அதை அறுத்து எடுத்தபோது உள்ளேயிருந்து வெளிவந்த கால் என்னுடையது என்று நம்புவதே கஷ்டமாயிருந்தது. சதை வற்றி, தோல் உரிந்து, முழங்கால் மடங்காமல், ஒரு முருங்கைக் கொம்பைப் போல நீட்டிக் கொண்டிருந்தது. டாக்டர் புதிய படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “எலும்பு கூடிவிட்டது, நீங்கள் போகலாம்” என்றார்.

எங்கே போவது? எப்படிப் போவது? அதைக் கேட்பதற்குள் அடுத்த நோயாளியை உள்ளே கொண்டு வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு என் வாழ்க்கையில் குறுக்கிட்டவள் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. பிஸியோதெரபி என்று வழங்கும் உடற்பயிற்சி வைத்தியம் படித்தவள். வீட்டுக்கு வந்தவள் காலைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாள்.

“நடக்க ஆரம்பிச்சதும் மொதல்ல எங்கே போகணும், ஐயா?”

நான் சற்றும் யோசிக்காமல், “ஆற்றுக்கு” என்றேன்.

“எத்தனை படி?”

அன்று முதல் எங்கள் வைத்தியம் முழுவதும் அந்தப் படித்துறையை உத்தேசித்தே நடந்தது. தினமும் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கோணம் பார்க்கும் கருவியால் அளப்பாள். “நேத்து நாற்பது, இன்னைக்கு நாற்பத்திரண்டு, ஐயா” என்பாள். இரண்டு டிகிரி! அந்த இரண்டு டிகிரிக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. நான் கத்தினால் நிறுத்துவாள். நான் கோபித்தால் காத்திருப்பாள். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நிற்பாள். படி ஏறும்போது நல்ல காலை முன் வைக்க வேண்டும், இறங்கும்போது நோயுற்ற காலை முன் வைக்க வேண்டும் என்பதைத் திண்ணைப் படியில் நூறு தடவையாவது செய்ய வைத்திருப்பாள். டாக்டர் என் எலும்பைக் குணப்படுத்தினார் என்று சொல்லலாம். அந்தப் பெண் என்னைக் குணப்படுத்தினாள்.

உண்மையில், எலும்பை எந்த வைத்தியரும் ஒட்ட வைப்பதில்லை. முறிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. அதில் மெல்லிய நார் படர்கிறது. பிறகு சுண்ணாம்புச் சத்து சேர்ந்து அது கெட்டிப்படுகிறது. இந்தக் கொத்து வேலையைச் சரீரம் தானே செய்துகொள்கிறது. முனைகளை நேராகச் சேர்த்து, வேலை முடியும் வரையில் அசையாமல் காப்பதே வைத்தியருடைய பங்கு. சில முறிவுகளுக்கு உலோகத் தகடும் ஆணியும் வைப்பதுண்டு; அவையும் காவல் வேலைதான் செய்கின்றன. ஆகவே எலும்பு கூடுவது இயற்கையின் காருண்யம். அதற்கு அப்புறம் மனிதன் எழுந்து நடப்பதற்கு மனிதர்களின் காருண்யம் வேண்டியிருக்கிறது.

சரி, கூடவே கூடாத முறிவு ஒன்று இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வி படுக்கையில் கிடந்த என்னை இரவெல்லாம் தொந்தரவு செய்தது. அதற்குப் பதில் நம்முடைய தாமிரவருணிப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது.

குற்றாலத்து மலையிலிருந்து இறங்கி வரும் சிற்றாறு சீவலப்பேரிக்கு அருகில் தாமிரவருணியோடு கலக்கிறது என்பது வாசகர்கள் அறிந்ததே. அந்தச் சிற்றாற்றுக்கு நீர் கொண்டுவரும் சிறிய நதிகளில் அநுமன் நதி ஒன்று. அதன் கரையில், தென்காசிக்கு அருகில், ஆய்க்குடி என்னும் ஊர் இருக்கிறது. 2019-ல் தென்காசி தனி ஜில்லா ஆகும் வரையில் அதுவும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்ததே. அங்கே பால சுப்பிரமணியர் கோயிலும், வயல்களும், சாரல் காலத்தில் குற்றாலத்திலிருந்து வரும் குளிர்ந்த காற்றும் உண்டு.

இந்த ஊரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் என்னும் வாலிபர் என்ஜினீயரிங் படித்துக் கொண்டிருந்தார். நல்ல தேகக் கட்டு உள்ளவர். கடற்படையில் அதிகாரியாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1975-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் பெங்களூரில் நடந்த தேர்வுக்குப் போனார். தேகப் பயிற்சித் தேர்வு ஒன்றில் உயரத்திலிருந்து குதிக்க வேண்டியிருந்தது. குதித்தவர் விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் சேதமடைந்தது. கழுத்துக்குக் கீழே கையும் காலும் செயலிழந்துவிட்டன. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு வாலிபரின் வாழ்க்கை இரண்டாகப் பிளந்துபோயிற்று.

எலும்புக்கும் தண்டுவடத்துக்கும் உள்ள பேதத்தை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். முதுகெலும்பு ஒரு குழாய் என்றால், தண்டுவடம் அதற்குள் ஓடும் தந்திக் கம்பி. குழாய் முறிந்தால் கூடும். கம்பி அறுந்தால் மூளையின் உத்தரவு கீழே போவதில்லை. கீழேயிருந்து வலியென்றும் சூடென்றும் செய்தி மேலே வருவதில்லை. அறுந்ததை மறுபடியும் இணைக்கும் வித்தையை வைத்திய சாஸ்திரம் இன்று வரையில் கற்றுக்கொள்ளவில்லை. உணர்ச்சியில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப் புண் உண்டாகிறது. சிறுநீர்ப் பையில் விஷக் கிருமி புகுகிறது. ஒரு காலத்தில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இறந்ததற்குக் காரணம் அடி அல்ல, இந்த இரண்டும்தான்.

அந்த நிலைமையை மாற்றியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன் என்னும் டாக்டர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் என்னும் இடத்தில் முதுகு முறிந்த சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரிப் பிரிவு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் கண்டுபிடித்தது புதிய மருந்து ஒன்றுமில்லை. நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பகலிலும் இரவிலும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றார். அதைச் செய்கிறார்களா என்று தாமே வந்து பார்த்தார். நோயாளிகளுக்கு வேலை கொடுத்தார். விளையாட்டுக் கற்றுக் கொடுத்தார். 1948-ல் சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேர் அங்கே வில் வித்தைப் போட்டி நடத்தினார்கள். இன்று உலகமே பார்க்கும் பாராலிம்பிக் பந்தயங்கள் அந்தப் பதினாறு பேரின் அம்புகளிலிருந்து பிறந்தவைதாம்.

நமது வேலூரிலும் ஒரு கதை உண்டு. 1954-ல் மேரி வர்கீஸ் என்னும் இளம் பெண் டாக்டர் மோட்டார் விபத்தில் முதுகு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனார். டாக்டர் பால் பிராண்டின் தூண்டுதலால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களுக்கு ரண சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு அமெரிக்கா சென்று பயின்று வந்து, வேலூரில் மறுவாழ்வு வைத்தியத்தை நிலைநாட்டினார். 1966-ல் அங்கே அதற்கென்று தனி நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. “என் கால் நடக்குமா?” என்ற கேள்விக்கு “நடக்காது” என்பதே பதிலாக இருந்தபோதிலும், “நான் நடப்பேனா?” என்ற கேள்விக்கு வேறு பதில் இருக்கிறது என்பதை அவர் காட்டினார்.

ஆய்க்குடி ராமகிருஷ்ணனுக்குப் புனேயிலுள்ள ராணுவ ஆஸ்பத்திரியில் பல மாதங்கள் சிகிச்சை நடந்தது. அங்கே அவருக்கு வைத்தியம் பார்த்தவர் விமானப் படையைச் சேர்ந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். பஞ்சாபி டாக்டருக்கும் தமிழ் வாலிபருக்கும் இடையே அந்தக் கட்டிலருகில் என்ன பேச்சு நடந்தது என்பதை நாம் கேட்கவில்லை. ஆனால் அதன் பலனை நாம் கண்ணால் காணலாம். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன், 1981-ல், ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடிய அதே வருஷத்தில், ஆய்க்குடியில் ஒரு ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை. தம் குடும்பத்தார் பெயரையும் வைக்கவில்லை. அந்த டாக்டரின் பெயரை வைத்தார். அமர் சேவா சங்கம் என்பது அதன் பெயர்.

வடமொழியில் ‘அமர்’ என்றால் இறவாதது என்று பொருள். தமிழிலோ அதற்கு உட்கார் என்று பொருள். உட்கார்ந்தே இருக்க வேண்டியவர் ஆரம்பித்த சங்கத்துக்கு இவ்வளவு பொருத்தமான பெயரைப் பண்டிதர்கள் கூடி யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது!

சங்கம் ஓலைக் கொட்டகையில், சில குழந்தைகளுடன், சிறு பள்ளிக்கூடமாக ஆரம்பமாயிற்று. இளம்பிள்ளை வாதம் நம் கிராமங்களில் தெருவுக்கு ஒரு குழந்தையையாவது தவழ விட்டிருந்த காலம் அது. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டு, 2014-ல் நம் தேசம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவிக்கும் வரையில் எத்தனை குழந்தைகள் தரையை அளந்தார்கள் என்பது நம்முடைய தலைமுறைக்கு மறக்காது. அப்படித் தவழ்ந்த குழந்தைக்கு இரும்புச் சட்டமும் தோல் வாரும் கொண்ட காலிபர் பூட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தினால், அது முதன் முதலாக உலகத்தை நிமிர்ந்து பார்க்கிறது. அதுவரையில் அது பார்த்ததெல்லாம் பிறருடைய முழங்கால்களைத்தான்.

1992-ல் எஸ். சங்கரராமன் என்பவர் சங்கத்தில் வந்து சேர்ந்தார். அவர் கணக்குத் தணிக்கையில் தேர்ந்தவர். தசைகள் நாளடைவில் தளர்ந்துபோகும் நோயால் அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். கையும் காலும் அசையாத ஒருவரும், தசை தளர்ந்த ஒருவரும் சேர்ந்து, பள்ளிக்கூடம், விடுதி, உடற்பயிற்சி வைத்தியம், செயற்கை அவயவங்கள் செய்யும் தொழிற்கூடம், தொழிற் கல்வி என்று ஒன்றன்பின் ஒன்றாக வளர்த்தார்கள். நடக்க முடியாதவர்கள் ஆய்க்குடிக்கு வர வேண்டும் என்று காத்திருக்காமல், ஊழியர்கள் கிராமம் கிராமமாக வீடு தேடிப் போகும் ஏற்பாடும் செய்தார்கள். இப்போது அவர்கள் முக்கியமாகக் கவனிப்பது, பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட சேதத்தால் கை கால் விறைத்துப்போன சிறு குழந்தைகளை. இத்தகைய குழந்தைக்கு எவ்வளவு இளவயதில் பயிற்சி ஆரம்பமாகிறதோ அவ்வளவு நன்மை உண்டு. ஆகையால் தாய்க்கே பயிற்சியைக் கற்றுக் கொடுக்கிறார்கள். வைத்தியம் குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் நடக்கிறது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

இந்தக் கதையில் என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம் விருது அல்ல, சங்கத்தின் பெயர்தான். சற்று யோசித்துப் பாருங்கள். டாக்டர் சாஹல் அந்த வாலிபரை நடக்க வைக்கவில்லை. வைக்கவும் முடியாது. ஆஸ்பத்திரிக் கணக்குப்படி பார்த்தால் அது குணமாகாத நோயாளி என்றுதான் எழுதப்படும். என் டாக்டரோ என் எலும்பைப் பூரணமாகக் கூட வைத்தார். கணக்குப்படி அது பெரிய வெற்றி. ஆனால் குணமாகாத நோயாளி தம் டாக்டரின் பெயரை ஒரு ஸ்தாபனத்துக்கே சூட்டினார். குணமான நோயாளியாகிய நானோ என் டாக்டரின் பெயரை இந்தப் பக்கத்தில் எழுதக்கூடத் துணியவில்லை.

அப்படியானால் வைத்தியத்தில் கருணை என்பது எது? தேனொழுகப் பேசுவதா? அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேனொழுகப் பேசி, “ஆறு மாதத்தில் நடந்துவிடுவீர்கள்” என்று பொய் நம்பிக்கை ஊட்டிக் குடும்பத்தின் நிலத்தையும் நகையையும் விற்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். கருணை என்பது மூன்று காரியங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, உள்ளதை உள்ளபடி சொல்வது. இரண்டாவது, சொன்ன பிறகு விட்டுவிட்டுப் போகாமல் பக்கத்தில் நிற்பது. மூன்றாவது, “இனி உம்மால் என்ன முடியும்?” என்று கேட்டு, அதற்கு ஒரு வேலை கொடுப்பது. முதலிரண்டும் இல்லாத திறமை என்னுடைய டாக்டரிடம் இருந்தது. மூன்றும் சேர்ந்தது, ஒரு கிராமத்தில் போய் மரமாக முளைத்தது.

இதற்கு டாக்டர்களை மட்டும் பொறுப்பாளிகளாக்கிவிட்டு நாம் திண்ணையில் சாய்ந்துவிட முடியாது. அந்தத் திண்ணையையே சற்றுப் பாருங்கள். வீட்டு வாசலில் மூன்று படி, கோயில் வாசலில் ஐந்து படி, தாலுகா கச்சேரியில் ஒன்பது படி. ஊன்றுகோலோடு நடந்த மூன்று மாதங்களில்தான் நம் ஊரில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று நான் எண்ணினேன். 2016-ல் நிறைவேறிய சட்டம் பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி போகும் வழி இருக்க வேண்டும் என்கிறது. பல இடங்களில் சரிவுப் பாதை கட்டியும் இருக்கிறார்கள். அதன் அடிவாரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் நாம்தாம். நம் வீட்டிலேயே வயதான ஆச்சி ஒருத்தி இடுப்பு எலும்பு முறிந்து விழுந்தால், “இந்த வயசுக்கு மேலே என்ன ஆபரேஷன்?” என்று மூலையில் கிடத்திவிடுகிறவர்களும் நாம்தாம். அந்த முறிவுக்குத் தாமதமின்றி, இரண்டொரு நாளுக்குள் சிகிச்சை செய்து, உடனே எழுப்பி உட்கார வைப்பதே உயிர் காக்கும் வழி. மூலையில் கிடத்தப்பட்டவளைக் கொண்டு போவது முறிவு அல்ல, படுக்கை.

ஆய்க்குடியில் ஒரு வேண்டுதல் உண்டு. பிரார்த்தனை நிறைவேறியவர்கள் அநுமன் நதியின் படிகளைக் கழுவி, அதில் பாயசத்தை ஊற்றிக் குழந்தைகளை உண்ணச் சொல்வார்கள். படிப் பாயசம் என்று அதற்குப் பெயர். படியில் இறங்க முடியாத குழந்தைக்கு அந்தப் பாயசம் எப்படிக் கிடைக்கும்? யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அல்லது படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு கட்ட வேண்டும். தூக்கிச் செல்வது நல்ல மனசு. சரிவு கட்டுவது நல்ல ஊர்.

என் விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் நூற்றுப் பத்து டிகிரி மடங்கிய அன்று, அந்தப் பெண் என்னைக் குறுக்குத்துறைக்கு அழைத்துப் போனாள். தை மாதத்துக் காலை நேரம், பாசி காய்ந்திருந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக் கொள்ளலாமா என்று பார்த்தேன். அவள் வேண்டுமென்றே இரண்டு படி கீழே போய் நின்றுகொண்டாள்.

“நோவுள்ள காலை மொதல்ல வையுங்க, ஐயா. நான் இங்கேதான் நிக்கேன்.”

வைத்தேன். மூன்றாவது படியையும், நான்கையும், ஐந்தையும், ஆறையும் இந்தத் தடவை ஒவ்வொன்றாக அறிந்துகொண்டு இறங்கினேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.